துப்பாக்கிப் பயிற்சிக்குக் காது காப்பு: அட்டையில் ஓர் எண், காதில் வேறோர் எண்

முன்பெல்லாம் கோடை விடுமுறை வந்தால் நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கடைக்கு வந்து பொட்டலம் மடிக்கப் பழகுவார்கள். இல்லாவிட்டால் தட்டச்சு வகுப்புக்குப் போவார்கள். இன்று பல ஊர்களில் நம் பிள்ளைகள் ரைஃபிள் கிளப்புக்குப் போகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். 2012 லண்டனில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். 2024 பாரிஸில் இந்தியாவுக்கு முதலில் கிடைத்த மூன்று பதக்கங்களும் துப்பாக்கி சுடுதலில்தான் வந்தன. நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் அந்த ஒலிம்பிக்கில் களம் இறங்கினார். போதாக்குறைக்கு, 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் சுட வந்தபோது கூடிய கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பிள்ளைகளை அனுப்புவது நல்லதுதான். ஒழுங்கும் நிதானமும் பழகும் விளையாட்டு அது. கிளப் சந்தா, பயிற்சிக் கட்டணம், சுடும் ஜாக்கெட், குண்டு என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் தகப்பனார், காதுக்கு என்று வரும்போது மட்டும் 'அதற்கென்ன, கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்' என்று சொல்லிவிடுகிறார். எல்லாச் செலவிலும் மிகச் சிறிய செலவு அதுதான். கெட்டுப்போனால் திரும்ப வாங்க முடியாத பொருளைக் காப்பதும் அதுதான்.

பிள்ளைகள் மட்டும் அல்ல. பாதுகாப்புக்காக உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் நகைக் கடைக்காரர்களும் அடகுக் கடைக்காரர்களும் நம்மிடையே உண்டு. மலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து .22 ரைஃபிள் சுடும் பிள்ளைகள் உண்டு. ஆகவே இந்தக் காது காப்பு என்ற சரக்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வியாபாரிக்குக் காதுதான் முதல்

கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணைப் போலவே காதும் தொழில் கருவி. ஒரே நேரத்தில் நாலு பேர் சரக்குக் கேட்பார்கள். பின்னால் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். வாசலில் லாரி நிற்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பாட்டி மெல்லிய குரலில் கேட்பது சோம்பா, சீரகமா என்று பிடிக்கத் தெரிய வேண்டும்.

வெடியோசையால் வரும் செவிட்டுத்தன்மை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. எல்லா ஓசையும் ஒரே அளவில் குறைவதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதி ஓசைகள், அதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை உள்ளவை. காது பரிசோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்திருந்தால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, 'எங்காவது பெரிய சத்தத்தில் வேலை செய்கிறீர்களா, துப்பாக்கி சுடுவீர்களா?' என்பதுதான். பேச்சில் உயிரெழுத்து ஓசைகளுக்குக் கனம் அதிகம். அவை காதில் விழும். ச, த, ப போன்ற மெய்யோசைகள் மெல்லியவை, அவை நழுவும். எனவே இவர், 'பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை' என்பார். பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் சிரமம். தொலைபேசியில் மண்டிக்காரர் சொன்ன விலை முப்பதா, முப்பத்தெட்டா என்று இரண்டு முறை கேட்க வேண்டி வரும். இருபது வயதில் சுட்டதற்கு நாற்பது வயதில் கல்லாவில் விலை கொடுப்பது இப்படித்தான்.

காரணம் எளிது. உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதற்குள் ஓசையை உணரும் மயிரணுக்கள் காது ஒன்றுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும் வாழ்நாள் முழுவதற்கும் அவ்வளவுதான் கையிருப்பு. கோழிக்குஞ்சுக்கு இந்த அணுக்கள் செத்தால் மறுபடி முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை. புதுக் கொள்முதல் இல்லாத சரக்கு.

சுட்ட அன்று காது அடைத்தாற்போல் இருந்து, மறுநாள் சரியாகிவிட்டால் 'ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிடுகிறோம். அதுவும் தவறான கணக்கு. 2009-இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் மயிரணுவுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பெரும்பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது தெரியவந்தது. மேல்பார்வைக்கு மூட்டை நிறைந்திருக்கிறது, அடியில் எலி அரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெசிபல் என்பது கூட்டல் கணக்கு அல்ல

ஓசையை டெசிபலில் அளக்கிறார்கள். இதில் நம் மனக்கணக்கு ஏமாற்றும். 90 டெசிபல் இயந்திரம் ஒன்றின் பக்கத்தில் அதே போல் இன்னொன்றை ஓட்டினால் 180 ஆகாது, 93 ஆகும். 3 டெசிபல் ஏறினாலே ஓசையின் சக்தி இரட்டிப்பாகிறது. 10 ஏறினால் பத்து மடங்கு, 20 ஏறினால் நூறு மடங்கு, 30 ஏறினால் ஆயிரம் மடங்கு. கூட்டு வட்டி பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்காத விஷயம் அல்ல.

அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியாஷ் தரும் அளவு இது: நாளொன்றுக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் கால் மணி நேரம். இது இடைவிடாத இரைச்சலுக்கு. துப்பாக்கியின் கணக்கு வேறு. ஒரு வெடி கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் உச்சம் 140 டெசிபலைத் தாண்டினால் காப்பில்லாத காதுக்கு ஒரே தடவையிலும் கேடு வரலாம். .22 ரைஃபிள் இந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. 12 போர் துப்பாக்கி 150 முதல் 165 வரை போகிறது. பெரிய பிஸ்டல்களும் ரைஃபிள்களும் 170 வரை எட்டுகின்றன.

தீபாவளிக்கு வெடிக் கடை போடும் அன்பர்களுக்கு ஓர் ஒப்பீடு. பட்டாசுக்கு 1999 முதல் உள்ள வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் உச்ச அளவு 145 டெசிபல். அங்கே 4 மீட்டர். ரைஃபிள் சுடுபவர் காதுக்கும் குழல் முனைக்கும் எவ்வளவு தூரம்? ஏறக்குறைய ஒரு மீட்டர். பிஸ்டல் என்றால் கை நீளம். அதுவும் பட்டாசு வருடத்துக்கு ஒரு நாள். பயிற்சிக்குப் போகிறவர் ஒரே காலையில் ஐம்பது, அறுபது குண்டுகள் சுடுவார்.

ரைஃபிளை வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் முதலில் கெடும். பலருக்கு இது வியப்பாக இருக்கும். வலது கன்னம் கட்டையில் சாய்ந்திருக்கும்போது வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிவிடுகிறது. இடது காது குழல் முனையைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ரீங்காரம் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால் 'அதெப்படி ஒரு காதில் மட்டும்' என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் இவற்றின் ஓசை இவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. தொடக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பழகுவது அதில்தான். ஆனால் பக்கத்துத் தடத்தில் ஒருவர் .22 சுட்டுக்கொண்டிருந்தால், பிள்ளை கையில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்பது காதுக்குத் தெரியாது. மூடிய கூடத்தில் சுவரும் கூரையும் ஓசையைத் திருப்பி அடிக்கும். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் தகப்பனாருக்கும் காப்பு வேண்டும்.

அட்டை எண் மொத்த எடை. நமக்கு வேண்டியது நிகர எடை

இனி சரக்குக்கு வருவோம். காது காப்பு அட்டைகளில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அமெரிக்க முறை இது. 1979 முதல் அங்கே சட்டப்படி அச்சிட வேண்டும். ஐரோப்பியச் சரக்கில் எஸ்.என்.ஆர். என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு அளவைகள். ஒரே காப்புக்கு எஸ்.என்.ஆர். எண் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே வரும். ஒரு பெட்டியில் 28, இன்னொன்றில் 31 என்று பார்த்தவுடன் 31-ஐ எடுத்துவிடக் கூடாது. இரண்டும் ஒரே அளவையா என்று பார்க்க வேண்டும். படியையும் கிலோவையும் ஒப்பிட்டு விலை பேசுவோமா?

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். அந்த எண் ஆய்வுக்கூடத்தில், நன்றாகச் சொல்லிக்கொடுத்து, ஒழுங்காகப் பொருத்திய காதுகளில் எடுத்த அளவு. கடையில் வாங்கிக் காதில் அவசரமாகச் செருகுகிறவருக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. தகர டப்பாவோடு நிறுத்த எண்ணெய் போல, அது மொத்த எடை. நிகர எடை எவ்வளவு? நியாஷ் நிறுவனம் 1998-இல் ஒரு கழிவுக் கணக்குச் சொன்னது. காதுக்கு மேல் கவிழ்க்கும் குமிழ் வகைக்கு அட்டை எண்ணில் கால் பங்கு கழியுங்கள். உருட்டிச் செருகும் ஸ்பாஞ்ச் வகைக்குப் பாதி கழியுங்கள். மற்ற ரப்பர் அடைப்பான்களுக்கு நூற்றுக்கு எழுபது கழியுங்கள்.

இதை வைத்துப் போட்டுப் பாருங்கள். 32 என்று அச்சிட்ட ஸ்பாஞ்ச் அடைப்பான், கழிவு போக 16. 24 என்று அச்சிட்ட குமிழ், கழிவு போக 18. அட்டையில் எட்டு எண் பின்தங்கியிருந்த சரக்கு, காதில் இரண்டு எண் முந்திக்கொள்கிறது. இது சராசரி மனிதருக்கான கழிவு. பொருத்தப் பழகியவருக்கு அதே ஸ்பாஞ்ச் முழு எண்ணுக்கு அருகே தரும். பழகாதவருக்கு அந்தப் பாதி கூடத் தராது. ஆகவே இந்தச் சரக்கில் பாதி தரம் பெட்டியில் வருகிறது, மீதிப் பாதி வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடைவிடாத இரைச்சலை வைத்து எடுத்த அளவு இது. துப்பாக்கி போன்ற திடீர் ஓசைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. அமெரிக்கச் சரக்கின் அட்டையிலேயே பொடி எழுத்தில் இந்த எச்சரிக்கை இருக்கும். அளவு முழுதாகப் பொருந்தவில்லை என்பதற்காக அணியாமல் விடலாம் என்று அர்த்தம் அல்ல. எண்ணுக்கு நாலு கூடுதலா குறைவா என்று பார்ப்பதைவிட, காதோடு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது முக்கியம் என்று அர்த்தம்.

எந்த வகை, யாருக்கு?

ஸ்பாஞ்ச் அடைப்பான் மலிவு. பை நிறைய வாங்கி வைக்கலாம். செருகும் முறையைச் சொல்லிக்கொடுக்காமல் விற்றால் பிரயோஜனம் இல்லை. கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, விரலுக்கு நடுவே உருட்டி உருட்டி, சுருக்கமே இல்லாத மெல்லிய திரி போலச் செய்ய வேண்டும். மற்றொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். அப்போது உள்ளே செருகி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது விரிந்து அடைத்துக்கொள்ளும். எதிரே நிற்பவருக்கு அடைப்பான் காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாகப் போகவில்லை. உரக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே காதுகளை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். பொத்தினாலும் எடுத்தாலும் ஓசையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அடைப்பான் தன் வேலையைச் செய்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் காதுத் துவாரம் சிறியது. பெரியவர் அளவு ஸ்பாஞ்ச் அதில் நிற்காது. சிறு அளவு கிடைக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், அல்லது குமிழுக்குப் போய்விட வேண்டும்.

காளான் போல அடுக்கடுக்காக உள்ள ரப்பர் அடைப்பானைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். காதின் அளவுக்குச் சரியாக அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் எழுபது கழிவு என்று மேலே சொன்னது இதற்குத்தான். நீச்சலுக்கு விற்கும் அடைப்பான் தண்ணீரைத் தடுக்கச் செய்தது. அதைத் துப்பாக்கிக்கு வாங்க வேண்டாம். பஞ்சு எதையும் தடுப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

குமிழ் வகை அணிவது எளிது. சரியாகப் போட்டிருக்கிறானா என்று பயிற்சியாளர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். குறை இரண்டு. ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கம்பி, தலைமுடி, தொப்பி ஆகியவை மெத்தைக்கு அடியில் மாட்டினால் இடைவெளி விழுந்து சில டெசிபல் போய்விடும். கம்பி மெல்லியதாக உள்ள கண்ணாடி நல்லது. முடியை ஒதுக்கிவிட்டு அணிய வேண்டும். இரண்டு, ரைஃபிள் கட்டையில் கன்னம் சாய்க்கும்போது பருத்த குமிழ் கட்டையில் இடித்துத் தூக்கிக்கொள்ளும். சுடுகிற அந்த நொடியில்தான் அது திறந்துகொள்கிறது என்பது வேடிக்கை. ரைஃபிள் சுடுகிறவர்கள் கிண்ணம் மெலிந்த குமிழைக் கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பிஸ்டல்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் வெயிலில் வியர்வை பட்டுக் குமிழின் மெத்தை காய்ந்து கட்டியாகிவிடும், விரிசல் விடும். மெத்தை தனியாகக் கிடைக்கும் ரகமாகப் பார்த்து வாங்கினால் மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டாம். தலைவளையத்தை அகட்டி அகட்டித் தளர்த்திவிட்டாலும் காப்பு போய்விடும். இறுக்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் செய்கிற முதல் காரியம் அதுதான்.

மின்னணுக் குமிழ் என்று ஒன்று விற்கிறது. வெளியே ஒலிவாங்கி, உள்ளே சிறு ஒலிபெருக்கி. பேச்சுச் சத்தம் கேட்கும்; வெடிச் சத்தம் வரும்போது உள்ளே விடாமல் நிறுத்திக்கொள்ளும். பயிற்சியாளர் 'நிறுத்து' என்று சொல்வது காதில் விழுகிறது என்பது பெரிய வசதி. துப்பாக்கிக் களத்தில் கட்டளை காதில் விழுவதும் உயிர் காப்புத்தான். ஆனால் தடுக்கிற வேலையைச் செய்வது கிண்ணமும் மெத்தையும்தான், மின்கலம் அல்ல. மெத்தை மோசமான மின்னணுக் குமிழைவிட மெத்தை நல்ல சாதாரணக் குமிழ் மேல். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி போட்டியில் சுடுகிறவர் ஒலி வாங்கும் கருவி உள்ள காப்பை அணியக் கூடாது. போட்டிக்குப் போகப் போகிற பிள்ளைக்கு முதலிலேயே அதிக விலை கொடுத்து இதை வாங்குவது வீண் செலவாகலாம்; பயிற்சியாளரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

பாட்டுக் கேட்கப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொள்ளும் இயர்போன்களில், இரைச்சலை அடக்கும் வகை என்று விளம்பரம் வருகிறது. அது விமானம், பேருந்து போன்றவற்றின் ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலைக் குறைக்கச் செய்தது. துப்பாக்கி வெடிக்கு அது காப்பு அல்ல.

பெரிய துப்பாக்கி, அல்லது மூடிய கூடம் என்றால் உள்ளே ஸ்பாஞ்ச், மேலே குமிழ் என இரண்டும் அணிவது வழக்கம். இங்கேயும் கூட்டல் கணக்கு உதவாது. 32-ம் 24-ம் சேர்ந்து 56 ஆகாது. இரண்டில் பெரிய எண்ணோடு சுமார் 5 சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் மண்டையோட்டு எலும்பு வழியாகவே ஓசை உள்ளே போகிறது. அதை எந்த அடைப்பானும் தடுக்காது. ஆனாலும் அந்த 5 டெசிபல் என்பது மூன்று பங்கு சக்தி. விட்டுவிடக் கூடிய லாபம் அல்ல.

பொருந்தாத சரக்கு ஒன்றின் கதை

பொருத்தம் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்கு இரு முனை கொண்ட காது அடைப்பான் ஒன்று பல ஆண்டுகள் விற்கப்பட்டது. ஒரு முனையைச் செருகினால் எல்லா ஓசையும் அடங்கும். மறு முனையைச் செருகினால் பேச்சு கேட்கும், வெடி மட்டும் அடங்கும். நல்ல யோசனைதான். ஏரோ என்ற நிறுவனம் செய்தது. 2008-இல் அந்த நிறுவனத்தை 3எம் வாங்கிக்கொண்டது. அடைப்பானின் தண்டு நீளம் போதவில்லை, சிலருக்கு அது காதுக்குள் மெல்லத் தளர்ந்துவிடுகிறது, அணிந்தவருக்கே அது தெரிவதில்லை, இதை அறிந்தும் ராணுவத்திடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 2018-இல் 3எம் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே அமெரிக்க அரசுக்கு 91 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. பிறகு முன்னாள் வீரர்கள் லட்சக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அப்போதும் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

சில்லறையில் மிகக் குறைந்த விலைக்குப் போகும் சிறு ரப்பர் துண்டு அது. சண்டை எண்ணைப் பற்றியது மட்டும் அல்ல. காதில் நின்றதா, நழுவியதா என்பதைப் பற்றியது. விற்கிற பொருளின் குறை தெரிந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நம் கடைத்தெருவில் எழுதாத சட்டம். அங்கே சொல்லாமல் விட்டதாக எழுந்த புகாரின் விலை இவ்வளவு.

ஐந்து நிமிடம் கழற்றினால்

காப்பு அணிந்திருக்கிறேன் என்று சொல்பவர் இடையிடையே கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 30 டெசிபல் தடுக்கும் காப்பை எட்டு மணி நேர இரைச்சலில் ஒரு மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தார் என்று கொள்ளுங்கள். நாள் முழுவதற்குமான பயன் 30 அல்ல, சுமார் 9-தான். அரை மணி நேரம் கழற்றினாலே 12-க்கு இறங்கிவிடும். ஓட்டை விழுந்த எண்ணெய் டின்னில் டின் எவ்வளவு கனம் என்று பேசிப் பயனில்லை. துப்பாக்கிக் களத்தில் இது இன்னும் கடுமை. 'என்ன சொன்னீர்கள்?' என்று ஒரு பக்கக் குமிழைத் தூக்கும் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒருவர் சுடுவார். பேச வேண்டுமானால் சுடும் கோட்டை விட்டு வெளியே வந்து பேசப் பழக்க வேண்டும்.

கடையில் வைத்து விற்பவர்களுக்கு

விளையாட்டுச் சாமான், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்தச் சரக்கை எடுக்கும்போது அட்டையில் மூன்றைப் பாருங்கள். இந்தியத் தர எண் ஐ.எஸ். 9167, அல்லது ஐரோப்பிய ஈ.என். 352, அல்லது என்.ஆர்.ஆர். அளவுக்கான அமெரிக்கச் சோதனை எண் இருக்கிறதா? தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை இருக்கின்றனவா? அணியும் முறை படத்தோடு இருக்கிறதா? எழுத்தே இல்லாத பாலிதீன் பையில் வரும் சரக்கு ஸ்பாஞ்ச்தான்; காது காப்பு என்று சொல்லி விற்க முடியாது. ஸ்பாஞ்ச் ரகத்தை வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்தால் விறைத்துப்போகும். விற்கும்போது ஒரு ஜோடியைப் பிரித்துச் செருகிக் காட்டுங்கள். அந்த ஒரு ஜோடி நஷ்டம் நஷ்டம் அல்ல.

மாவு மில், மிளகாய் மில், பருப்பு உடைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களும் இதே சரக்கைத் தங்கள் ஆட்களுக்கு வாங்கலாம். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்றால், அங்கே இரைச்சல் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். மில்லில் நாள் முழுவதும் நிற்கிற பையனுக்கு வெப்பம் தாங்காது. அங்கே குமிழைவிட அடைப்பான் நிலைத்து நிற்கும். ஆனால் மாவுக் கையோடு செருகக் கூடாது. காதில் புண் வரும்.

கிளப்பில் சேர்க்கும் முன்

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு தடவை காது பரிசோதனை எடுத்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஆடியோகிராம் என்று கேட்டால் எடுப்பார்கள். ஓசை புகாத அறையில் உட்கார வைத்துச் சிறிது நேரத்தில் முடித்துவிடுவார்கள். இது தொடக்க இருப்பு. ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து இதோடு ஒப்பிட்டால், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழத் தொடங்குவது பிள்ளைக்குத் தெரியும் முன்பே தாளில் தெரிந்துவிடும். அப்போது காப்பை மாற்றலாம், அணியும் முறையைத் திருத்தலாம்.

சுட்ட பிறகு காது அடைத்துப்போய் மறுநாளும் திறக்கவில்லை, அல்லது இரைச்சல் ஓயவில்லை என்றால் தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். மருந்துக்குப் பலன் இருந்தால் அது முதல் சில நாட்களில்தான். நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடுவது நம் வீடுகளில் வழக்கம். எண்ணெய் விற்கும் கடைக்காரர்களே படிக்கும் இதழ் இது என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: இதற்கு எண்ணெய் விட வேண்டாம்.